ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, போறதுக்கு ஒரு நாள் கூலி ஆகுது

கன்னியாகுமரி மாவட்டம்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க, உங்களுக்கென்ன, திரும்புன பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி, எல்லாரும் படிச்சவங்கன்னு சொல்லுவாங்க. பொய்யில்ல. 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டுலயே முதல் இடம். ஆசாரிப்பள்ளத்துல மெடிக்கல் காலேஜ், தக்கலைல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, நெய்யூர்ல 1838லயே மிஷன்காரங்க தொடங்குன ஆஸ்பத்திரி, எல்லை தாண்டுனா திருவனந்தபுரம். மேப்ப விரிச்சுப் பாத்தா எங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா நான் இருக்கறது திருவட்டார் தாலுகாவுல, குலசேகரத்துலருந்து பேச்சிப்பாறை போற பக்கம் ஒரு சின்ன ஊரு. அப்பா ரப்பர் பால்வெட்டு, அம்மா அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரில, தோடு உடைக்கப் போவாங்க, நான் ஒரு ஜெராக்ஸ் கடைல வேலை. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து நாங்க அலஞ்ச அலைச்சல்லயும், கடைக்கு பேப்பர தூக்கிட்டு வர்ற சனங்ககிட்டயும் நான் பாத்தது எல்லாத்தையும் எழுதி வச்சா நாலு பேருக்கு உபயோகப்படும்னுதான் இத எழுதுறேன்.

முதல்ல நேரத்தப் பத்தி சொல்லணும், ஏன்னா எங்க பக்கத்துல எல்லா பிரச்சனையும் அதுலதான் ஆரம்பிக்குது. வெயில் ஏறுறதுக்கு முன்ன ரப்பர் மரத்துல பால் நல்லா ஓடும், சூடு கூடுனா ஓட்டம் குறஞ்சிரும். அதனால 3 மணி 4 மணிக்கே தலைல லைட்ட கட்டிட்டு விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போயிருவாங்க. மரம் மரமா வெட்டி, திரும்ப ஒரு சுத்து வந்து சிரட்டைல விழுந்த பால எடுத்து, அத ஒறைய வச்சு ஷீட் அடிச்சு வீட்டுக்கு வந்து சேரும்போது 11 மணி 12 மணி ஆயிரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர் சுகருக்கு ஓபி பாக்கறது காலைல. அப்பா குளிச்சிட்டு சட்டைய போட்டுட்டு அங்க போய் நிக்கும்போது சீட்டு குடுத்து முடிச்சிருப்பாங்க, இல்லன்னா டாக்டர் மீட்டிங்குக்கு கிளம்பியிருப்பாங்க, நர்ஸ் அக்கா நாளைக்கு காலைல வாங்கன்னு சொல்லுவாங்க. நாளைக்கு காலைலயும் வெட்டு உண்டு.

மழை பெஞ்சா வெட்டு கிடையாதே, அன்னைக்குப் போலாமேன்னு உங்களுக்குத் தோணும். எங்க பக்கம் ஆனிலயும் மழை ஐப்பசிலயும் மழை, ரெண்டு பருவமும் உண்டு. மழை நாள்ல கூலி இல்ல, அதனால மழை இல்லாத எந்த நாள்லயும் ஆளுங்க வெட்டுக்குப் போகாம இருக்க மாட்டாங்க. மழை நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போனா காய்ச்சல் கூட்டம் வாசல் வரைக்கும் நிக்கும். அப்பாவுக்கு பிரஷர் இருக்குன்னு ஒரு கேம்ப்புல கண்டுபிடிச்சு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, கொஞ்ச மாசம் போட்டாங்க, அப்புறம் விட்டுப்போச்சு. கேட்டா, "மக்கா, ஒரு நாள் வெட்டு விட்டா நாளைக்கு வேற ஆள நிறுத்திருவானுவ, தலை ஒண்ணும் சுத்தலல்லா" அப்படிம்பாங்க. மாத்திரைக்கு பைசா இல்ல, டாக்டருக்கு பைசா இல்ல, எல்லாம் இலவசம்தான், ஆனா அந்த மாத்திரைய வாங்கப் போறதுக்கு ஒரு நாள் கூலி ஆகுது. இத எந்த ஆபீஸர் கணக்குலயும் எழுத மாட்டாங்க.

பக்கவாதம் வந்ததும் விளைலதான். கத்தி கைய விட்டு விழுந்திருக்கு, எடுக்கப் பாத்தா விரல் மடங்கல, பேச்சு குழறிட்டு. கூட வெட்டுற மாமா பாத்துட்டு உக்கார வச்சிருக்காங்க. அங்க டவர் கிடையாது, மாமா மேட்டுக்கு ஏறிப்போய்தான் போன் பண்ண முடிஞ்சது. அதுக்குள்ள ஒருத்தர் வாயுன்னாரு, ஒருத்தர் வர்மம் பிடிக்கற ஆசான கூப்பிடுவோம்னாரு, ஒருத்தர் சூடா சாயா குடுங்கன்னாரு. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல, எங்க ஊர்ல ஆசான்மாருக்கு மரியாதை அதிகம், சுளுக்குக்கும் முறிவுக்கும் நானும் போவேன். ஆனா வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாம, பேச்சு குழறுனா அது மூளைல ரத்தக்குழாய் அடைச்சதாவோ வெடிச்சதாவோ இருக்கும், எதுன்னு சிடி ஸ்கேன் பாத்தாதான் தெரியும், அடைப்பா இருந்தா கட்டியக் கரைக்கற ஊசி போட நாலரை மணி நேரத்துக்குள்ள போய் சேரணும். வாய்ல தண்ணி கூட குடுக்கக் கூடாது, முழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிரும். பாம்புக்கடிக்கும் இதே மாதிரிதான், விளைல இருட்டுல வேலை செய்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். கட்டு இறுக்கறது, கீறி விடறது, வாய வச்சு உறிஞ்சறது எதுவும் வேண்டாம், கடிபட்ட கால ஆட்டாம வச்சு நேரா ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே உண்டு, முதல் டோஸ அங்க போட்டுட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போலாம்.

108க்கு போன் கிடைச்சா என்ன சொல்லணும்னு முன்கூட்டியே யோசிச்சு வையுங்க. எங்க விளைக்கு பேரு கிடையாது, முதலாளி பேர சொல்லித்தான் நாங்க சொல்லுவோம், சென்னைல இருந்து போன் எடுக்கற பிள்ளைக்கு அது எப்படி புரியும். குருசடி, அங்கன்வாடி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் இப்படி ஏதாவது ஒண்ணத்த சொல்லி, ஒரு ஆள ரோட்டுல நிறுத்துங்க. வண்டி ரோடு வரைக்கும்தான் வரும், அங்கருந்து உள்ள ஏத்தமும் எறக்கமும். அப்பாவ ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. இப்ப எங்க தெருவுல ரெண்டு கம்பு வச்சு தச்ச ஒரு தூளி, ஆலயத்து ஹால்ல வச்சிருக்கோம், யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

108க்கு லைன் சரியா கிடைக்காம முதல்ல ஒரு ஜீப்ல பக்கத்துல உள்ள ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குதான் கொண்டு போனாங்க. அங்க முதல்ல கேட்டது அட்வான்ஸ், அடுத்தது காப்பீட்டு கார்டு இருக்கான்னு. கார்டு இருந்துச்சு, பழைய பிளாஸ்டிக் கார்டு, வீட்டு அலமாரில. அம்மா ஆள விட்டு அத எடுத்துட்டு வரச்சொல்லி குடுத்தா, கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு இது எடுக்கலன்னு சொல்லிட்டாங்க. அந்த கார்டுல உள்ளது எங்க பழைய ரேஷன் கார்டு நம்பர். 2017ல ஸ்மார்ட் கார்டு வந்தப்ப நம்பர் மாறிட்டு, அதுக்கப்புறம் அண்ணன் கல்யாணம் முடிஞ்சு தனிக் கார்டு வாங்கினான், காப்பீட்டுல ஒண்ணும் மாத்தல, மாத்தணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லவும் இல்ல. அம்மா கழுத்துல கிடந்தத கழட்டி பணயம் வைக்கத் தயாரா நின்னாங்க. நல்லவேளை அங்க இருந்த ஒரு டிரைவர் அண்ணன், இங்க நிக்காதீங்க, 108 வரச்சொல்லி ஆசாரிப்பள்ளம் கொண்டு போங்கன்னு சொன்னாரு.

மெடிக்கல் காலேஜ்ல டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, இவரு கடைசியா நல்லா இருந்தது எத்தன மணிக்கு. எங்க யாருக்கும் தெரியல. கூட வந்த மாமாதான், 6 மணிக்கு நாங்க சாயா குடிக்கும்போ நல்லா பேசினாவன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைலதான் ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவாச்சு. ஸ்கேன் பாத்து, போட்டாங்க. அதனால ஆஸ்பத்திரிக்கு போகும்போது சொந்தக்காரங்க கூட்டத்த விட, அந்த நேரத்துல கூட இருந்த ஆள கண்டிப்பா வண்டில ஏத்துங்க. கார்டு, ஆதார் எதுவும் கேக்காம அட்மிஷன் போட்டாங்க, அவசரத்துக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பேப்பர் இல்லன்னு யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, பேப்பர் எல்லாம் அடுத்த நாள் கேட்டாங்க. எங்க பக்கத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போறத ஒரு கௌரவக் குறைச்சலா நினைக்கற ஆளுங்க ரொம்ப உண்டு, பிரைவேட்டுக்கு போய் நகைய பணயம் வச்சு, அது முடிஞ்சு விளைய எழுதிக் குடுத்து, கடைசில அங்கயே கொண்டு வருவாங்க. அவங்கள பாத்தா எனக்கு அவ்வளவு சங்கடமா இருக்கும்.

காப்பீட்ட பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா கடைக்கு வர்ற பத்துல ஏழு பேருக்கு இதுலதான் குழப்பம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரில இந்தப் பேருக்கு மாறுச்சு, அதுக்கு முன்ன 2009ல தொடங்குனப்ப கலைஞர் காப்பீடு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். முந்தி 72,000 தான் வரம்பு, அப்ப தள்ளுபடி ஆனவங்க இப்பவும் நமக்கு கிடையாதுன்னு நினைச்சு வீட்டுல இருக்காங்க, திரும்ப போட்டுப் பாருங்க. கார்டு இருந்தா எல்லாமே ஃப்ரீன்னு நினைக்காதீங்க. பட்டியல்ல உள்ள சிகிச்சைக்கு, திட்டத்துல சேந்திருக்க ஆஸ்பத்திரில, அட்மிட் ஆனாதான், அதுவும் ஆஸ்பத்திரி முன்அனுமதி வாங்கின பிறகுதான். ஓபில போய் பாக்கற காய்ச்சலுக்கும் மாசாமாசம் போடற மாத்திரைக்கும் இது கிடையாது. பட்டியல்ல உள்ள சிகிச்சைக்கு தனியா பைசா கேட்டா 1800 425 3993க்கு அடிங்க, காசில்லாத நம்பர், ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க் முன்ன நின்னே அடிங்க.

கார்டு எடுக்க விஏஓ கையெழுத்தோ, தாலுகா ஆபீஸ் வருமானச் சான்றிதழோ வேணும். வருமானச் சான்றிதழ் இ-சேவைல 60 ரூபாய், அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க. அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார எடுத்துட்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல உள்ள காப்பீட்டு மையம். பேச்சிப்பாறைலருந்து நாகர்கோவில் 40 கிலோமீட்டர் வரும், பஸ் மாறிப் போய் வர ஒரு பகல் போயிரும். அம்மாவுக்கு டவுன் பஸ் ஃப்ரீ, 2021 மே மாசத்துலருந்து, இது எங்க பக்கத்து பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு வார்த்தைல சொல்ல முடியாது, ஆனா பஸ் ஃப்ரீ ஆனதால போன கூலி திரும்ப வராதே. அதனால போறதுக்கு முன்ன ரேஷன் கார்டு நம்பர வச்சு திட்டத்தோட இணையதளத்துல உங்க பேரு ஏற்கனவே இருக்கான்னு பாருங்க. இருந்தா இ-கார்ட அங்கயே டவுன்லோட் பண்ணிக்கலாம், நாகர்கோவில் போக வேண்டிய அவசியமே இல்ல.

பேரு சரியில்லாம நிக்கறதுதான் நான் கடைல பாக்கற அடுத்த பெரிய தொல்லை. எங்க பக்கம் ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, ஸ்கூல் பேரு ஒண்ணு, வீட்டுல கூப்பிடறது ஒண்ணு. ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல இன்னொண்ணு, பேங்க்ல இனிஷியல் முன்ன, ஆஸ்பத்திரி சீட்டுல நர்ஸ் காதுல விழுந்தது. உடம்பு நல்லா இருக்கும்போது இத திருத்தறது ஒரு வேலை, ஐசியூ வாசல்ல நின்னு திருத்தறது வேற. இன்னொண்ணு, எங்க ஆளுங்க 1956க்கு முந்தின மலையாளப் பத்திரத்தக் கூட டிரங்குப்பெட்டில துணி சுத்தி வச்சிருப்பாங்க, போன வருஷம் ஆஸ்பத்திரில தந்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்கன்னு கேட்டா தெரியாது. அத பத்திரத்தோட சேத்து வையுங்க. நான் வீட்டுல ஒரு ஃபைல் போட்டிருக்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை, இப்ப போடற மாத்திரையோட காலி அட்டை, காப்பீட்டு இ-கார்டு, ரேஷன் கார்டு ஆதார் காப்பி, எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து அண்ணனுக்கும் அனுப்பியிருக்கேன். எந்த மாத்திரைக்கு வாந்தி வந்துச்சு, எதுக்கு தடிப்பு வந்துச்சுன்னு முதல் பேப்பர்ல பெருசா எழுதி வச்சிருக்கேன்.

இனி அம்மா விஷயம். அப்பா கூட ஆஸ்பத்திரில நிக்க அம்மாதான் போனாங்க, அண்டி ஆபீஸ்ல உடைக்கற கிலோ கணக்குக்குதான் கூலி, போகலன்னா ஒண்ணும் கிடையாது. அப்பதான் ஒரு அக்கா கேட்டாங்க, உங்களுக்கு இஎஸ்ஐ உண்டல்லா, அதுல வீட்டுக்காரருக்கும் பாக்கலாமேன்னு. உண்மைதான், இஎஸ்ஐங்கறது தொழிலாளர் காப்பீடு, அது உள்ள தொழிலாளிக்கு மட்டும் இல்ல, புருஷன் பெண்டாட்டி பிள்ளைங்களுக்கும் மருத்துவம் உண்டு. மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருக்கவங்களுக்கு, தொழிலாளி கூலில 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டணும். ஆனா அம்மா நம்பர போட்டுப் பாத்தா வருஷத்துல பாதி மாசம் பணமே கட்டல, ஆபீஸ்ல கேட்டதுக்கு நீங்க அப்ப லீவுன்னாங்க, அம்மா அந்த மாசமெல்லாம் கறை பட்ட கையோட வேலைக்குப் போனத நான் கண்ணால பாத்தவ. நோய்க்கால உதவித்தொகை கிடைக்கணும்னா ஆறு மாச பங்களிப்பு காலத்துல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும், கட்டியிருந்தா தொழிலாளிக்கு தீனம் வந்து வீட்டுல இருக்கும்போது வருஷத்துல 91 நாள் வரைக்கும் கூலில 70 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம். அண்டி ஆபீஸ்ல வேலை செய்ற அக்காமாரு, சித்திமாரு எல்லாருக்கும் சொல்றேன், உங்க இன்சூரன்ஸ் நம்பர வாங்கி கைல வையுங்க, பிள்ளைங்கள விட்டு உமாங்னு ஒரு கவர்மெண்ட் ஆப்ல போட்டு மாசாமாசம் பணம் ஏறியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஏறலன்னா தனியா போய் கேக்காதீங்க, சேந்து போங்க, சங்கம் இருந்தா அது வழியா போங்க. எங்க அம்மா கூட ஒரு கூட்டம் பெண்கள் போனப்பறம்தான் அங்க கணக்கு ஒழுங்கா ஏற ஆரம்பிச்சுது. வீட்டுக்கு கொண்டு வந்து உடைச்சு குடுக்கறவங்களுக்கு இதுவும் இல்ல, அவங்க பாடுதான் எல்லாத்துலயும் கஷ்டம்.

அப்பா வீட்டுக்கு வந்தப்பறம் எங்கள தூக்கி நிறுத்துனது மக்களைத் தேடி மருத்துவம்தான், இத நான் மனசார சொல்லுவேன். 2021 ஆகஸ்ட் 5ல தொடங்குன திட்டம். எங்க ஏரியாவுல உள்ள தன்னார்வல அக்கா மாசாமாசம் பிரஷர் பாத்து மாத்திரைய வீட்டுலயே தந்துட்டுப் போவாங்க, பிசியோதெரபி பண்ற தம்பி வண்டில வருவாரு, எண்ணெய் தேய்க்கறத விட விரலுக்கு ஒரு ரப்பர் பந்து குடுங்கன்னு சொல்லிக் குடுத்தது அவருதான். அப்பா முந்தி மாத்திரைய விட்ட காரணமே ஓபி நேரம், இப்ப அந்தக் காரணம் போச்சு. ஆனா இதுவும் தானா வராது. லிஸ்ட்ல பேரு ஏறணும், துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார நர்ஸ்கிட்ட போய் சொன்னாதான் ஏறும். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கற குடும்பத்துக்கு அக்கா வந்தும் பிரயோஜனமில்ல, நாங்க போன் நம்பர் குடுத்து, நான் கடைக்கு போறதுக்கு முன்ன வரச்சொல்லி பேசி வச்சிருக்கோம். மாசக் கடைசில மாத்திரை தீந்து அவங்க வரலன்னா காத்திருக்காதீங்க, நீங்களே போய் வாங்கிருங்க, பிரஷர் மாத்திரைய இடைல விடக் கூடாது. கை கால் அப்படியே நின்னுபோனவங்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு போடுங்க, அதுதான் யுடிஐடி கார்டு, 40 சதவீதமும் அதுக்கு மேலயும்னு டாக்டர் எழுதியிருந்தா அத வச்சுதான் மத்த உதவி எல்லாம்.

மைனிக்கு, அதாவது அண்ணன் பெண்டாட்டிக்கு, பிரசவம் வந்தப்ப இந்த அனுபவம் எல்லாம் கைகொடுத்துச்சு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்துல பணமும் ஊட்டச்சத்து பெட்டகமுமா 18,000 ரூபாய், அது கிடைக்கணும்னா 12 வாரத்துக்குள்ள நர்ஸ்கிட்ட பதிஞ்சு கர்ப்பிணிக்கு குடுக்கற ஆர்சிஎச் நம்பர் வாங்கணும். எங்க ஊர் வழக்கம் மூணு மாசம் தாண்டுற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டாங்க, கண்ணு படும்னு. மைனிகிட்ட நான், ஊருக்கு சொல்ல வேண்டாம், நர்ஸ் அக்காகிட்ட மட்டும் சொல்லுங்கன்னு கூட்டிட்டுப் போனேன். பேங்க் கணக்கு மைனி பேர்ல மட்டும், ஆதார் சேத்து. பிரசவத்துக்கு தாய் வீட்டுக்குப் போறவங்க அந்த ஊர் நர்ஸ்கிட்டயும் நம்பர காட்டிப் பதிஞ்சுக்கணும், அந்த நம்பர் இல்லாம பிள்ளைக்கு பிறப்புச் சான்றிதழ் வாங்கறதும் இழுத்தடிக்கும்.

நான் சொல்ற இந்தக் கஷ்டமெல்லாம் ரோட்டோரத்துல உள்ளவங்களுக்கு. இன்னும் மேல, காணிப் பழங்குடி மக்கள் இருக்கற மலை இடங்கள்ல வேற கதை. கோதையாத்துல வெள்ளம் வந்தா சில இடத்துல தரைப்பாலம் மூழ்கிரும், அப்ப 108 இந்தக் கரைலதான் நிக்கும். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் உள்ளவங்க தண்ணிய தாண்டித்தான் வரணும். கடைக்கு வந்த ஒரு காணிப் பெண்ணு சொன்னா, "நாங்க நாள் நெருங்குறதுக்கு முன்னயே கீழ வந்து சொந்தக்காரங்க வீட்டுல கிடப்போம்" அப்படின்னு. வயித்துல பிள்ளையோட வாரக்கணக்குல அடுத்தவங்க வீட்டுல, மூத்த பிள்ளைங்கள மேல விட்டுட்டு. அவங்களுக்கு நான் என்ன யோசனை சொல்ல, பாலம்தான் வேணும். நடமாடும் மருத்துவ வண்டி எந்த நாள் எந்த இடத்துக்கு வரும்னு மாச அட்டவணை உண்டு, அத வாங்கி ரேஷன் கடைலயும் ஸ்கூல் சுவர்லயும் ஒட்டுனா அன்னைக்கு வேலைக்குப் போகாம இருக்க முன்கூட்டியே தீர்மானிக்கலாம், அது மட்டும் நாங்க சில இடத்துல செஞ்சோம்.

திருவனந்தபுரம் போறதப் பத்தியும் கேப்பாங்க. புற்றுநோய்க்கு ஆர்சிசி, இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா, எங்க பாட்டா காலத்துலருந்தே எங்க ஆளுங்களுக்கு அதுதான் பெரிய ஆஸ்பத்திரி ஊரு, பாஷையும் பழக்கம். நல்ல வைத்தியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கிளம்பறதுக்கு முன்ன நம்ம கார்டு அங்க எடுக்குமான்னு அந்த ஆஸ்பத்திரிலயும் 1800 நம்பர்லயும் கேட்டு உறுதி பண்ணிட்டு கிளம்புங்க. அதே சிகிச்சை ஆசாரிப்பள்ளத்துலயோ திருநெல்வேலிலயோ கார்டுல கிடைக்குமான்னும் கேளுங்க, சந்தேகம்னா 104ங்கற மருத்துவ உதவி நம்பருக்கு அடிச்சாலும் வழி சொல்லுவாங்க. ரிப்போர்ட் எல்லாம் ஒரிஜினல குடுத்துட்டு வராதீங்க, காப்பி குடுங்க.

இப்ப நாங்க கேட்டுட்டு இருக்கறது ஒண்ணுதான், சாயங்கால ஓபி. டவுன்ல உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையத்துல சாயங்காலம் 4 மணிலருந்து 8 மணி வரைக்கும் டாக்டர் பாக்கறாங்க, ஆபீஸ் போறவங்களுக்கு வசதியா. பால்வெட்டுற ஊர்லயும் அண்டி ஆபீஸ் உள்ள ஊர்லயும் வாரத்துல ரெண்டு நாளாவது அது இருந்தா எத்தன பேருக்கு பிரஷரும் சுகரும் கட்டுக்குள்ள நிக்கும். எங்க பஞ்சாயத்து கிராம சபைல இத எழுதிக் குடுத்தோம், அம்மாவும் அண்டி ஆபீஸ் பெண்களும் வந்து கையெழுத்து போட்டாங்க, தீர்மானப் புத்தகத்துல ஏத்துனாங்க, அந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன், அத இணைச்சு கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்லயும் குடுத்து ரசீது வாங்கியாச்சு. பதில் இன்னும் வரல. உங்க பஞ்சாயத்துலயும் எழுதிக் குடுங்க, கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் உண்டு, எந்த நாள் எந்த நேரம் டாக்டர் இருந்தா உங்களால போக முடியும்னு நேரத்தோட எழுதுங்க, சும்மா வசதி வேணும்னு எழுதுனா வசதி இருக்குன்னு பதில் வந்துரும். மனு எழுத ஆள் இல்லன்னா எங்க கடைக்கு வாங்க, எழுதித் தர பைசா வேண்டாம்.